பசியின் கணக்கை யார் எழுதுவது?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



விலைவாசிப் புள்ளி ஒன்று ஏறினால் பஞ்சப்படியில் எத்தனை காசு கூடும் என்று ஆலைத் தொழிலாளியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். ஆனால் அந்தப் புள்ளியை யார் எழுதுகிறார்கள், எந்தக் கடையில் எந்த அரிசிக்கு விலை கேட்டு எழுதுகிறார்கள் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற தோழர்களின் நிலையும் இதுதான். குறைந்தபட்சக் கூலி இவ்வளவு, ரேஷன் இத்தனை பேருக்கு, நாட்டில் ஏழைகள் நூற்றுக்கு இத்தனை பேர் என்று டில்லியிலிருந்து எண்கள் வருகின்றன. அவற்றை நம்புகிறவர்கள் உண்டு. "எல்லாம் பொய்க் கணக்கு" என்று கையை உதறுகிறவர்களும் உண்டு. இரண்டும் நமக்கு உதவாது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது, எங்கே கெடுகிறது, அதை எப்படிச் சரியாக வைத்திருப்பது என்பதையே இன்று பார்க்கப் போகிறோம்.

கப்பல் கூலியின் சாப்பாடு

நம் நாட்டில் வறுமையைக் கணக்குப் போட்டுக் காட்டிய முதல் பெரியவர் தாதாபாய் நௌரோஜி. 1870-களில் அவர் ஒரு காரியம் செய்தார். மாகாணம் மாகாணமாக விளைச்சலையும் அதன் விலையையும் கூட்டி, 1867-68-ஆம் ஆண்டில் தலைக்கு ஆண்டு வருமானம் 20 ரூபாய்தான் என்று கண்டார். இது போதுமா, போதாதா என்று எப்படித் தீர்மானிப்பது? கடல் கடந்து தோட்ட வேலைக்குப் போகும் கூலியாட்களுக்குக் கப்பலில் என்ன சாப்பாடு தர வேண்டும் என்று வெள்ளை சர்க்காரே ஒரு பட்டியல் வைத்திருந்தது. அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய், உப்பு என்று அந்தப் பட்டியலுக்கு விலை போட்டார். சிறைக் கைதிக்கு ஆகும் செலவையும் எடுத்தார். நல்ல விளைச்சல் உள்ள ஆண்டிலும் கைதிக்குக் கிடைக்கும் சோறும் துணியும்கூட நாட்டு மக்கள் எல்லோருக்கும் எட்டாது என்று நிரூபித்தார்.

சர்க்கார் சும்மா இருக்குமா? 1882-இல் அவர்கள் போட்ட கணக்கு 27 ரூபாய் என்றது. 1901-இல் வைஸ்ராய் கர்ஸான் 30 ரூபாய் என்றார். ஆட்சி நன்றாக நடக்கிறது என்று காட்ட எண்ணை உயர்த்துவதும், மக்கள் படும் பாட்டைச் சொல்ல வந்தவர் அதை மறுப்பதும் அன்றே தொடங்கிவிட்டன. ஆனால் நௌரோஜி செய்தது வெறும் மறுப்பு அல்ல. சர்க்காரின் புத்தகங்களையே எடுத்து, கணக்கைத் தாமே போட்டு, வழியை எல்லோருக்கும் திறந்து காட்டினார். அந்த வழக்கம்தான் நமக்கு வேண்டும்.

செத்தவரை எண்ண ஆளில்லை

கணக்கெடுக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் காட்டியது. விசாரணைக் கமிஷன் 1945-இல் தந்த அறிக்கை, செத்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்றது. பிற்காலத்தில் அமர்த்தியா சென் கணக்கிட்டபோது அது ஏறக்குறைய 30 லட்சம் என்று ஆயிற்று. ஒரு நாட்டின் சர்க்காருக்குத் தன் ஆளுகையில் பட்டினியால் இறந்தவர்கள் 15 லட்சமா 30 லட்சமா என்பதே தெரியவில்லை! கிராமத்தில் சாவைப் பதிந்து சொல்ல வேண்டியவர் சொற்பச் சம்பளம் வாங்கும் ஊர்க் காவலர். ஊரே பட்டினியில் காலியாகும்போது யார் பதிவது?

அந்த நேரத்தில் கல்கத்தாவிலிருந்த இந்தியப் புள்ளியியல் கழகம் வங்கக் கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பியது. 1931-இல் அந்தக் கழகத்தைத் தொடங்கியவர் பேராசிரியர் மகலனோபிஸ். குடும்பம் குடும்பமாக விசாரித்ததில், பஞ்சத்தின் ஓராண்டில் ஏறக்குறைய 2 லட்சத்து 60 ஆயிரம் குடும்பங்கள் தங்கள் நெல் நிலம் முழுவதையும் விற்றுவிட்டன என்று தெரிந்தது. பஞ்சம் எல்லோரையும் ஒரே மாதிரி அடிக்கவில்லை. கூலி விவசாயியையும் மீனவரையும் முதலில் அடித்தது என்பதும் இத்தகைய விசாரணைகளால் வெளிவந்தது. நிலத்தை விற்றவர் இருந்தால் வாங்கியவரும் இருந்தார் அல்லவா? பஞ்சம் தானாக வந்த விதி என்று சொன்னவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு

விடுதலைக்குப் பின் 1950-இல் தேசிய மாதிரி சர்வே தொடங்கியது. முதல் சுற்றில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் சுமார் 1,800 கிராமங்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். "இத்தனை கோடிப் பேரில் சில ஆயிரம் பேரைக் கேட்டு என்ன தெரியும்?" என்று கேட்கலாம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதேதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நெல் மண்டியில் மூட்டைக்குள் குத்தூசி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வாய்ப்புறத்தில் மட்டும் குத்தினால் வியாபாரி மேலே தூவிய நல்ல நெல்தான் வரும். எந்த மூட்டையில், எந்த இடத்தில் குத்துவது என்பதை வியாபாரியின் இஷ்டத்துக்கும் விடக்கூடாது, குத்துகிறவர் இஷ்டத்துக்கும் விடக்கூடாது. சீட்டுக் குலுக்கியது போல் இடம் விழ வேண்டும். அப்படி விழுந்தால் சிறு மாதிரியே பெரிய நாட்டைச் சொல்லும். 2022-23-இல் நாடு முழுவதற்கும் எடுத்த குடும்பச் செலவு சர்வேயில் விசாரித்தது 2,61,746 குடும்பங்களைத்தான்.

இதைச் செய்ய இயந்திரம் மட்டும் போதாது. ஊர் ஊராகப் போகிற விசாரணையாளர் வேண்டும். அவருக்கு அந்த ஊர் பாஷை தெரிய வேண்டும். ஓர் ஊரில் படி, இன்னோர் ஊரில் மரக்கால், வேறோர் ஊரில் கலம். அவற்றை ஓர் அளவுக்குக் கொண்டுவரத் தெரிய வேண்டும். கூலியை நெல்லாக வாங்குகிறவரிடம் ரூபாயை மட்டும் கேட்டால் பாதிக் கூலி கணக்கில் வராது என்பது தெரிய வேண்டும். கையில் காசில்லாத ஒரு புது நாடு, அந்நாளில் உலகமே கவனித்த இந்த ஏற்பாட்டைக் கட்டி எழுப்பியது. இது நம் மக்களின் சொத்து.

சராசரி என்னும் திரை

எண் சரியாக இருந்தாலும் அதைச் சொல்லும் விதத்தில் ஏமாற்றலாம். பண்ணையார் வீட்டில் நூறு மூட்டை நெல், ஒன்பது கூலியாட்களின் வீட்டில் ஆளுக்கு ஒரு மூட்டை. பத்து வீட்டுக்கும் சராசரி போட்டால் வீட்டுக்குக் கிட்டத்தட்ட 11 மூட்டை! கணக்கில் தப்பில்லை, ஆனால் கூலியாளின் அடுப்பில் அந்த 11 மூட்டை வேகாது.

1963 ஆகஸ்டில் பார்லிமெண்டில் நடந்த வாதம் இதைப் பற்றியதுதான். நாட்டில் 27 கோடிப் பேர் நாளுக்கு மூன்றணாவில் வாழ்கிறார்கள் என்றார் ராம் மனோகர் லோகியா. பதினைந்தணா என்றார் பிரதமர் நேரு. ஏழரை அணா என்றார் திட்ட மந்திரி நந்தா. எல்லோருக்குமான சராசரியைப் பேசுகிறோமா, அடித்தட்டில் கிடக்கும் மக்களைப் பேசுகிறோமா என்ற கேள்வி அன்று நாடெங்கும் எழுந்தது. அந்த வாதமே மாதிரி சர்வேயின் எண்களைச் சுற்றித்தான் நடந்தது. எண்களே இல்லையென்றால் அந்தக் கேள்வியையும் கேட்டிருக்க முடியாது.

விவசாயத் தொழிலாளர் பற்றி 1950-51-இலும் 1956-57-இலும் இரண்டு விசாரணைகள் நடந்தன. ஆண் ஆளின் சராசரி நாள் கூலி 109 காசிலிருந்து 96 காசாகவும், பெண் ஆளின் கூலி 68 காசிலிருந்து 59 காசாகவும் இறங்கியது என்றன அவை. கடன்பட்ட குடும்பங்கள் நூற்றுக்கு 45-இலிருந்து 64 ஆயின. முதல் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்த வேளையில் இந்தச் செய்தி ஆட்சியாளருக்குக் கசந்தது. உடனே பெரிய சர்ச்சை வந்தது. விவசாயத் தொழிலாளி யார் என்பதற்கு முதல் விசாரணை வேலை செய்த நாட்களை அளவுகோலாக வைத்தது. இரண்டாவது விசாரணை வருமானத்தை வைத்தது. அளவுகோல் மாறியதால் இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்றார்கள். இந்த ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. ஆனால் நாம் கேட்க வேண்டியது வேறு: இரு விசாரணைக்கு நடுவில் அளவுகோலை மாற்றுவானேன்? மாற்றத்தான் வேண்டும் என்றால் பழைய கோலாலும் ஒரு தடவை அளந்து காட்டக்கூடாதா? இந்த இடத்தை நினைவில் வையுங்கள். பின்னால் இதே கதை மீண்டும் வரும்.

கோட்டை எங்கே போடுவது?

ஏழை என்று யாரைச் சொல்வது? 1962-இல் ஒரு நிபுணர் குழு, 1960-61 விலையில் தலைக்கு மாதம் 20 ரூபாய், ஐந்து பேர் குடும்பத்துக்கு 100 ரூபாய் என்று குறைந்தபட்ச அளவு வைத்தது. வைத்தியச் செலவும் படிப்புச் செலவும் இதில் சேரவில்லை. அவற்றைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் எண்ணம். 1979-இல் இன்னொரு குழு, கிராமத்தில் ஆளுக்கு நாளுக்கு 2,400 கலோரியும் நகரத்தில் 2,100 கலோரியும் தரும் உணவை ஆதாரமாக வைத்துக் கோடு போட்டது. ஆஸ்பத்திரிச் செலவில் குடும்பமே மூழ்கிய காலத்திலும் கோடு அந்தப் பழைய எண்ணத்தின் மேலேயே நின்றது. 2009-இல் டெண்டுல்கர் குழுதான் தனியாருக்கு நாம் கட்டும் வைத்தியச் செலவையும் படிப்புச் செலவையும் கணக்கில் கொண்டுவந்தது.

அந்த முறைப்படி 2011-12-இல் கிராமத்துக்கு வந்த கோடு மாதம் 816 ரூபாய். நகரத்துக்கு 1,000 ரூபாய். நாளுக்கு வகுத்தால் கிராமத்தில் 27 ரூபாய். நகரத்தில் 33 ரூபாய். அதற்கு மேல் செலவு செய்தவர் ஏழை அல்ல! இந்தக் கோட்டின்படி ஏழைகள் நூற்றுக்கு 22 பேர், அதாவது சுமார் 27 கோடி. 2014-இல் ரங்கராஜன் குழு கோட்டைக் கிராமத்தில் 972 ரூபாய், நகரத்தில் 1,407 ரூபாய் என்று நகர்த்தியதும், அதே ஆண்டுக்கு ஏழைகள் 36 கோடி ஆனார்கள். கோடு சில நூறு ரூபாய் நகர்ந்ததும் ஒன்பது கோடி மக்கள் உள்ளே வந்தார்கள். அந்த ஒன்பது கோடிப் பேரின் சோற்றில் ஒரு பருக்கைகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பம்பாய்த் தொழிலாளர் காட்டிய வழி

கோட்டை ஆண்டுதோறும் விலைக்கேற்ப உயர்த்த வேண்டும். எதை வைத்து உயர்த்துவது? 1993-இல் லக்டாவாலா குழு சொன்ன வழியைக் கேளுங்கள். கிராமத்துக்கு விவசாயத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டெண், நகரத்துக்கு ஆலைத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டெண். உங்கள் பஞ்சப்படியைத் தீர்மானித்த அதே புள்ளிதான் நாட்டின் வறுமைக் கோட்டையும் நகர்த்தியது! அந்தப் புள்ளி பிசகினால் ஆலைத் தொழிலாளியின் சம்பளமும் குறையும், ஏழையின் எண்ணிக்கையும் குறையும்.

இதே லக்டாவாலாவின் பெயரைப் பம்பாய்த் தொழிலாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அறிவார்கள். 1963-இல் பம்பாயில் கடைத்தெருவில் விலை ஏறியது. குறியீட்டெண் அதற்கேற்ப ஏறவில்லை. "கணக்கில் கோளாறு இருக்கிறது" என்று தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மராட்டிய சர்க்கார் லக்டாவாலா தலைமையில் நிபுணர் குழு போட்டது. குறியீட்டெண் உள்ளதைக் குறைத்துக் காட்டியது என்று அந்தக் குழுவே கண்டு திருத்தம் சொன்னது. பஞ்சப்படி உயர்ந்தது. பம்பாய்த் தொழிலாளர் கணக்கைக் கிழித்தெறியச் சொல்லவில்லை, திருத்தச் சொன்னார்கள்.

இன்னொரு செய்தி, வயல் வேலைத் தோழர்களுக்கு. உங்களுக்கான விலைவாசிக் குறியீட்டெண் 1986-87-ஆம் ஆண்டை 100 என்று வைத்து, 1983-இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கின் மேல் 2025 வரை ஓடியது. 1983-இல் உங்கள் வீட்டில் செல்போன் செலவு இருந்ததா? இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் பீஸ் கட்டினீர்களா? ஆலைத் தொழிலாளரின் எண்ணுக்கு அடிப்படை ஆண்டு 1982, 2001, 2016 என்று மாறிவந்தது. உங்களுடையது நாற்பதாண்டுப் பழைய கூடையைச் சுமந்துகொண்டிருந்தது. சங்கத்தில் ஒன்றுசேர்ந்த இடத்தில் கணக்கும் கொஞ்சம் ஒழுங்காக நடக்கிறது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

கேள்வியை மாற்றினால் வறுமை ஒழியுமா?

"போன முப்பது நாளில் எண்ணெய் எவ்வளவு வாங்கினீர்கள்?" என்று கேட்டால் நாம் சிலவற்றை மறந்துவிடுவோம். "போன ஏழு நாளில்?" என்று கேட்டால் நினைவு தெளிவாக இருக்கும், செலவு கூடுதலாக வரும். 1990-களில் இந்த இரண்டு முறைகளையும் சோதித்தபோது, ஏழு நாள் கேள்வியால் மட்டும் ஏழைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 1999-2000 சர்வேயில் ஒரே குடும்பத்திடம் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டார்கள். ஒரு பதில் மற்றதைப் பாதித்தது. வறுமை 1993-94-இல் நூற்றுக்கு 36; இப்போது 26 என்று முழங்கினார்கள். எவ்வளவு குறைவு உண்மையானது, எவ்வளவு கேள்வியால் வந்தது என்று பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் வாதாட வேண்டியதாயிற்று.

2022-23 சர்வேயிலும் முறை மாறியது. முன்பு ஒரு தடவை போய்க் கேட்டதை, மூன்று தடவை போய்ப் பிரித்துக் கேட்டார்கள். தலைக்கு மாதச் செலவு கிராமத்தில் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய் என்று வந்தது. புதிய முறை நல்ல முறையாகவே இருக்கலாம். அதில் நமக்குச் சண்டையில்லை. ஆனால் புதிய படியால் அளந்ததைப் பழைய படியால் அளந்ததோடு வைத்து "பாருங்கள் வளர்ச்சியை" என்றால் அதை ஏற்க முடியாது. 1956-57-இல் கூலி இறங்கியதாக வந்தபோது "அளவுகோல் மாறிவிட்டது, ஒப்பிடாதே" என்றவர்கள், வறுமை இறங்கியதாக வரும்போது அதே எச்சரிக்கையைச் சொல்ல வேண்டாமா?

வெளியிடாத கணக்கு, எடுக்காத கணக்கு

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தீங்கு, கணக்கை மறைப்பது. 2017-18-ஆம் ஆண்டின் வேலை நிலவர சர்வே, வேலையில்லாதோர் நூற்றுக்கு 6.1 என்று கண்டது. அறிக்கை உரிய காலத்தில் வெளிவரவில்லை என்று தேசியப் புள்ளியியல் கமிஷனின் இரண்டு உறுப்பினர்கள் 2019 ஜனவரியில் ராஜினாமா செய்தார்கள். தேர்தல் முடிந்து மே 31 அன்றுதான் அறிக்கை வந்தது. அதே 2017-18-இல் எடுத்த குடும்பச் செலவு சர்வேயை, தரம் சரியில்லை என்று சொல்லி, வெளியிடுவதில்லை என 2019 நவம்பரில் சர்க்கார் அறிவித்தது. மக்களின் செலவு குறைந்துவிட்டது என்று அந்த அறிக்கை காட்டியதாகப் பத்திரிகைகளில் ஏற்கெனவே செய்தி கசிந்திருந்தது. தரம் குறைவு என்றால் குறையைச் சொல்லி வெளியிடட்டும்; நிபுணர்கள் சோதிக்கட்டும். நெல்லில் பதர் இருந்தால் தூற்றுவோம், களத்தையே பூட்டுவார்களா?

ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். 1881 முதல் பத்தாண்டுக்கு ஒரு தடவை, யுத்தம் நடந்த 1941-இலும்கூட, எடுத்தார்கள். 2021-இல் எடுக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது. நோய் அடங்கிய பிறகும் தள்ளிக்கொண்டே போனது. 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து எடுக்கப்போவதாக 2025 ஜூனில்தான் அறிவிப்பு வந்தது. இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? நாமே கணக்குப் போடுவோம். 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி நூற்றுக்கு 67 பேருக்கு மலிவு தானியம் உரிமை. 2011 கணக்கில் நாட்டு மக்கள் 121 கோடி. அதில் 67 பங்கு என்றால் 81 கோடி. இப்போது மக்கள் தொகை 140 கோடியைத் தாண்டிவிட்டது. 140 கோடியில் 67 பங்கு என்றால் சுமார் 94 கோடி. புதிய கணக்கு எடுக்காததால் விட்டுப்போனவர்கள் ஏறக்குறைய 13 கோடிப் பேர்! தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்கும் என்ற முறை இருப்பதால் இந்த அடி நம்மேல் நேராக விழவில்லை. ஆனால் நம் ஆலைகளில் நமக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் பீகார், ஒரிசாத் தோழர்களின் ஊரில், அவர்களுடைய தாய் தகப்பன்மேல் விழுந்திருக்கிறது.

நாம் கேட்பது என்ன?

முதலாவது, ஜனத்தொகைக் கணக்கும் குடும்பச் செலவு சர்வேயும் ஆட்சிக்கு இனித்தாலும் கசந்தாலும், குறித்த நாளில் எடுக்கப்பட வேண்டும், குறித்த நாளில் வெளிவர வேண்டும்.

இரண்டாவது, புள்ளியியல் கமிஷன் 2006-இல் ஒரு சர்க்கார் தீர்மானத்தால் அமைந்தது. தீர்மானத்தின் நிழலில் நிற்பவருக்கு நிமிர்ந்து பேசும் பலம் எங்கிருந்து வரும்? அதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும்.

மூன்றாவது, முறையை மாற்றினால் பழைய முறையாலும் சேர்த்து ஒரு தடவை அளந்து காட்ட வேண்டும்.

நான்காவது, வீடு வீடாகப் போகும் விசாரணையாளரும் ஒரு தொழிலாளிதான். அவரை ஒப்பந்தக் கூலிக்கு ஓட ஓட விரட்டினால் மரத்தடியில் உட்கார்ந்து காகிதத்தை நிரப்புவார். நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் உள்ள ஆட்கள் இல்லாமல் நல்ல கணக்கு கிடையாது.

ஐந்தாவது, விலைவாசிப் புள்ளிக்கு எந்தக் கடையில், எந்தச் சரக்குக்கு விலை எடுக்கிறார்கள் என்பதைச் சங்கங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு சங்கத்திலும் இரண்டு மூன்று தோழர்கள் மாதந்தோறும் அரிசி, பருப்பு, எண்ணெய், வாடகை, பஸ் கட்டணம் ஆகியவற்றின் விலையை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். குறியீட்டெண் வரும்போது ஒப்பிட்டுப் பாருங்கள். சர்வேக்காரர் உங்கள் வாசலுக்கு வந்தால், கௌரவம் பார்த்துச் செலவைக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஏதோ கிடைக்கும் என்று குறைத்தும் சொல்லாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். குத்தூசி விழுந்த இடம் உங்கள் வீடு என்றால், உங்களைப் போன்ற சில ஆயிரம் குடும்பங்களுக்காக நீங்கள் பேசுகிறீர்கள்.

கணக்கு எடுத்தால் மட்டும் பசி தீராது. கூலிக்கும் நிலத்துக்குமான போராட்டம் தனியே நடந்தாக வேண்டும். ஆனால் எண்ணப்படாதவர்களுக்குப் பங்கு ஒதுக்கியதாக எந்த பட்ஜெட்டும் கிடையாது. ஆகவே சரியாக எண்ணு, உரிய காலத்தில் எண்ணு, எண்ணியதை மறைக்காமல் சொல் என்று கேட்போம். வருகிற சங்கக் கூட்டத்திலேயே விலை நோட்டைத் தொடங்குவோம்.